யப்பானிய மொழியில் ஒரு கொரிய இசைத்தொகுதி: மொழி, சந்தை, நினைவு

1. ஆய்வுப் பொருள்

வெகுசன இசை ஆராய்ச்சிக்குரியதா என்ற தயக்கம் எமது புலமையுலகில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. செவ்வியல் இசையும் நாட்டார் பாடலும் பெற்ற கவனத்தைச் சந்தைக்கென ஆக்கப்படும் பாட்டுப் பெற்றதில்லை. 1940களில் அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 'பண்பாட்டுக் கைத்தொழில்' என்ற கருத்தினை முன்வைத்து அத்தகைய ஆக்கங்களை ஆராயவேண்டியதன் அவசியத்தை உணர்த்தினர். ஆயினும் அவர்கள் வழிவந்தோர் பலர் அவற்றைக் கண்டிப்பதோடு அமைந்துவிட்டனர். கண்டனம் ஆராய்ச்சியாகாது. கோடிக்கணக்கான இளைஞர் நாள்தோறும் கேட்கும் ஒன்று எவ்வாறு உற்பத்தியாகின்றது, எந்த வரலாற்றின்மீது நின்று விற்பனையாகின்றது, கேட்போர் அதனைக் கொண்டு என்ன செய்கின்றனர் என்பனவற்றை விளக்குவதே விமர்சனத்தின் கடமையாகும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது 2011 யூன் 1ஆம் திகதி யப்பானில் வெளியான ஓர் இசைத்தொகுதியை. கேர்ள்ஸ் ஜெனரேஷன் என்ற, அக்காலத்தில் ஒன்பது பெண்களைக் கொண்டிருந்த, கொரியப் பாடகியர் குழு யப்பானிய மொழியிற் பாடி வெளியிட்ட முதலாவது தொகுதி அது. குழுவின் பெயரே தொகுதியின் பெயருமாயிற்று. பன்னிரண்டு பாடல்களைக் கொண்ட அத்தொகுதி முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 2 இலட்சத்து 32 ஆயிரம் பிரதிகள் விற்பனையாகி, யப்பானின் ஒரிக்கொன் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பெற்றது. பின்னர், பத்து இலட்சம் பிரதிகள் கடைகளுக்கு அனுப்பப்பட்டமைக்கான சான்றும் அதற்குக் கிடைத்தது.

இத்தகைய நிகழ்வொன்றைப் பற்றி இருவகைத் தீர்ப்புகள் எளிதிற் கூறப்படக்கூடியன. ஒன்று தேசியப் பெருமிதத்தின் தீர்ப்பு: ஒருகாலத்தில் தம்மை ஆண்டோரின் நாட்டினைக் கொரியர் பாட்டினால் வென்றுவிட்டனர் என்பது அது. மற்றையது தேசிய வேதனையின் தீர்ப்பு: ஆண்டோரின் மொழியிற் பாடி அவர்தம் பணத்தினை நாடிச் சென்றமை தாழ்வு என்பது அது. முரண்பட்டவையாகத் தோன்றினும் இவ்விரண்டும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே பாடியவர்களைத் தேசத்தின் பிரதிநிதிகளாகக் கொள்கின்றன. அவர்களது உழைப்பினை எவர் வாங்கினர், எவர் விற்றனர் என்ற வினாவினை எழுப்புவதில்லை. நாம் அவ்வினாவிலிருந்தே தொடங்க விரும்புகின்றோம். அதே வேளையில், மொழி இங்கு வெறும் விற்பனைக் கருவி என்று கூறி வரலாற்றினைத் தள்ளிவிடவும் முடியாது. கொரியர் வாயில் யப்பானிய மொழி என்பது மிகுந்த துயரம் படிந்த ஒரு விடயம். அத்துயரத்தை அறிந்த பின்னரே இத்தொகுதியின் இனிமையையும் அதன் மௌனத்தையும் மதிப்பிட முடியும்.

2. வரலாற்றுப் பின்னணி

1910 ஓகஸ்ட் 22ஆம் திகதி கொரியாவை யப்பானோடு இணைக்கும் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 1945 வரை நீடித்த அவ்வாட்சியில் மொழி அதிகாரத்தின் முதன்மையான கருவிகளுள் ஒன்றாயிற்று. 1938 முதல் பாடசாலைகளிற் கொரிய மொழி கட்டாய பாடம் என்ற நிலையை இழந்தது. 1940இல் கொரியர் யப்பானிய முறையிற் பெயர் சூடவேண்டும் என்ற நெருக்குதல் ஏற்பட்டது; அதே ஆண்டிற் கொரிய மொழியின் இரு பெரும் நாளேடுகள் மூடப்பட்டன. 1942இல் அகராதி தொகுத்துக்கொண்டிருந்த கொரிய மொழிக் கழகத்தின் அறிஞர்கள் கைதுசெய்யப்பட்டனர். அவர்களுள் இருவர் சிறையில் உயிர்நீத்தனர். பறிபோன அகராதிக் கையெழுத்துப் பிரதி விடுதலையின் பின்னர் 1945 செப்டெம்பரிற் சியோல் புகையிரத நிலையத்துப் பண்டசாலை ஒன்றிற் கண்டெடுக்கப்பட்டது.

இவற்றினும் கொடியதொரு நிகழ்ச்சி 1923இல் நடந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் முதலாம் திகதி டோக்கியோவையும் அயலையும் அழித்த பெருநிலநடுக்கத்தின் பின்னர், கொரியர் கிணறுகளில் நஞ்சிடுகின்றனர் என்ற பொய்ச்செய்தி பரவியது. ஊர்க்காவற் கும்பல்கள் தெருக்களில் ஆட்களை மறித்தன. வந்தவர் கொரியரா என்று அறிய அவை கையாண்ட முறை உச்சரிப்புச் சோதனையாகும். 'பதினைந்து யென் ஐம்பது சென்' என்பதனை யப்பானிய மொழியிற் சொல்லுமாறு பணித்தனர். அத்தொடரின் முதலொலி ஒலிப்புடைய மெய். தமிழிற் போலவே கொரிய மொழியிலும் சொன்முதலில் ஒலிப்புடைய வெடிப்பொலிகள் இயல்பாக வருவதில்லை; சொல்லின் இடையில் ஒலிப்புடைய ஒலிகளுக்கு நடுவிலேயே அவை ஒலிப்புப் பெறும். ஆகவே கொரியரின் நா அவ்விடத்தில் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான கொரியர் கொல்லப்பட்டனர். ஓர் ஒலியன் வேற்றுமை உயிருக்கும் சாவுக்கும் இடையிலான எல்லையாயிற்று. இவ்வுண்மையை நாம் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

பாட்டுத் துறையும் இவ்வாட்சியின் நிழலிலேயே உருவாயிற்று. கொரியாவின் இசைத்தட்டு வணிகம் பெரும்பாலும் யப்பானியக் கம்பனிகளின் கையில் இருந்தது. 1935இல் 'மொக்போவின் கண்ணீர்' என்ற பாட்டினாற் புகழ்பெற்ற லீ நன்-யொங், கொரியாவின் முதலாவது பெண்பாடகர் குழு எனக் கருதப்படும் ஜொகொரி சிஸ்டர்ஸ் குழுவில் ஒருவராக இருந்தார். 1950களில் அவருடைய இரு புதல்வியரும் சகோதரர் மகளும் சேர்ந்து கிம் சிஸ்டர்ஸ் என்ற பெயரில், கொரியாவிலிருந்த அமெரிக்கப் படைவீரர் முன்னிலையில் ஆங்கிலப் பாடல்களைப் பொருள் அறியாது ஒலியளவில் மனனம் செய்து பாடினர். 1959இல் அவர்கள் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகருக்குச் சென்றனர். தாயும் மகளிருமாக இரு தலைமுறையினர் ஆதிக்கம் செலுத்தியோரின் இசைச் சந்தையிலேயே வாழ்வு தேடியமை, கொரியப் பெண்பாடகர் குழுக்களின் வரலாறு எங்கு தொடங்குகின்றது என்பதனைக் காட்டுகின்றது.

விடுதலையின் பின்னர் தென்கொரிய அரசு யப்பானிய வெகுசனப் பண்பாட்டினைத் தடைசெய்தது. 1998 ஒக்டோபரிற் ஜனாதிபதி கிம் டே-ஜுங் யப்பானியப் பிரதமருடன் கூட்டறிக்கையொன்றை வெளியிட்டதை அடுத்தே தடை படிப்படியாகத் தளர்ந்தது. இத்தளர்ச்சியின் ஒழுங்கு கவனித்தற்குரியது. 2000இல் யப்பானிய மொழிச் சொற்கள் இல்லாத இசைத்தட்டுகள் அனுமதிக்கப்பட்டன. யப்பானிய மொழிப் பாடல்கள் 2004 ஜனவரி வரை காத்திருந்தன. மெட்டிற்கு முதலிற் கதவு திறந்தது. மொழிக்கு இறுதியிலேயே திறந்தது. புண் எங்கிருந்தது என்பதனை இவ்வொழுங்கே காட்டும்.

3. உற்பத்தியும் சந்தையும்

இத்தகைய வரலாறு இருந்தும் கொரிய நிறுவனங்கள் யப்பானை நாடியமைக்குரிய காரணம் பொருளாதாரம் சார்ந்தது. 1997இன் நிதி நெருக்கடியின் பின்னர் தென்கொரிய அரசு பண்பாட்டினை ஏற்றுமதிக் கைத்தொழிலாகக் கருதி ஊக்குவித்தது. 1999இல் அதற்கெனத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. ஆனால் ஐந்து கோடிக்குக் குறைந்த மக்களைக் கொண்ட உள்நாட்டுச் சந்தை சிறியது. அத்தோடு 2000களின் தொடக்கத்தில் இணையத்தின் பரவலால் கொரியாவின் இறுவட்டு விற்பனை சரிந்தது. அண்டை நாடாகிய யப்பானில் நிலைமை வேறு. ஏறத்தாழ 12 கோடியே 80 இலட்சம் மக்களைக் கொண்ட அந்நாடு அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக உலகின் இரண்டாவது பெரிய ஒலிப்பதிவுச் சந்தையாக விளங்கியது. இறுவட்டின் சில்லறை விலையை வெளியிடுவோரே நிர்ணயிக்க இடமளிக்கும் முறை அங்கு நிலவியமையால் விலை வீழ்ச்சியும் தடுக்கப்பட்டது. கொரியாவில் இசைக்குக் கிடைக்காத வருமானம் யப்பானிற் கிடைக்கக்கூடியதாயிருந்தது.

எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் என்ற கொரிய நிறுவனம் இதனை முன்னரே உணர்ந்திருந்தது. அதன் எஸ்.ஈ.எஸ். குழு 1998இல் யப்பானிற் பாடியபோது பெரும்பயன் விளையவில்லை. பின்னர் போவா என்ற இளம்பாடகி யப்பானிய மொழியிலும் முறையிலும் பயிற்றப்பட்டு, 2002 மார்ச்சில் வெளியான 'லிஸின் டு மை ஹார்ட்' தொகுதி மூலம் ஒரிக்கொன் பட்டியலில் முதலிடம் பெற்றார். போவாவின் வழி கரைந்துபோகும் வழி: அவருடைய பாடல்கள் யப்பானிய இசையாகவே ஆக்கப்பட்டு யப்பானிய இசையாகவே விற்கப்பட்டன.

கேர்ள்ஸ் ஜெனரேஷனின் வழி இதனின்றும் வேறுபட்டது. 2007 ஓகஸ்டிற் கொரியாவில் அறிமுகமான இக்குழு, 2009 ஜனவரியில் வெளியான 'ஜீ' என்ற பாடலாற் பெரும்புகழ் பெற்றது. கொரிய அரச தொலைக்காட்சியின் வாராந்த இசைநிகழ்ச்சியில் அப்பாடல் தொடர்ந்து ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. இணையக் காணொளிகள் வழியாக யப்பானிய இளைஞர் கொரிய மொழியிலேயே இக்குழுவை அறிந்திருந்தனர். எனவே 2010 செப்டெம்பரில் 'ஜீனி', ஒக்டோபரில் 'ஜீ' என யப்பானிய மொழியில் இறுவட்டுகள் வந்தபோது, முன்னரே கொரியப் பொருளாக அறியப்பட்ட ஒன்று உள்ளூர் மொழியில் உறையிடப்பட்டு வந்தது எனலாம்.

அப்பொருளை முற்றிலும் கொரியப் பொருள் எனவும் கூறமுடியாது. 'ஜீனி'யின் மெட்டினை அமைத்தவர்கள் முதன்மையாக நோர்வே நாட்டு இசையமைப்பாளர். அதன் நடனத்தை அமைத்தவர் ஒக்கினாவாவிற் பிறந்த யப்பானியரான றினோ நகசோனே. 'மிஸ்டர் டாக்ஸி'யின் ஆக்கத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் பங்குகொண்டனர். உலகின் பல பாகங்களில் வாங்கப்பட்ட உதிரிப்பாகங்களைக் கொரிய நிறுவனம் பொருத்தி முடிக்கின்றது. மோட்டார் வாகனத்தின் உற்பத்தி முறையே பாட்டின் உற்பத்தி முறையுமாகின்றது. இந்த அமைப்பில் மொழி இறுதியாகப் பூசப்படும் வர்ணம் போன்றது: கொரியாவுக்குக் கொரியம், யப்பானுக்கு யப்பானியம்.

ஆனால் வர்ணம் பூசும் வேலையை எவரோ செய்தாக வேண்டும். குழுவினருட் சிலர் சிறுபராயத்திலேயே சேர்ந்து ஆறேழு ஆண்டுகள் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுள் ஒருவரான சூயொங் 2002இல் பன்னிரண்டு வயதில் யப்பானிய இருவர் குழுவொன்றிற் பாடியவர். பாட்டும் நடனமும் போலவே பிறமொழியும் இத்தொழிலில் உடல் பழகவேண்டிய ஒரு வேலை. இவ்வுழைப்பினைக் கட்டிப்போட்ட ஒப்பந்தங்களின் இயல்பு 2009இல் வெளிப்பட்டது. அதே நிறுவனத்தின் ஆடவர் குழுவொன்றைச் சேர்ந்த மூவர், 13 ஆண்டு ஒப்பந்தத்திற்கு எதிராக அவ்வாண்டு யூலையில் நீதிமன்றஞ் சென்றனர். கொரிய நியாய வணிக ஆணைக்குழு அதே மாதத்தில் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தம் கால எல்லையை ஏழு ஆண்டுகளாக வரையறுத்தது. தேசத்தின் வெற்றி எனப் போற்றப்பட்டதன் அடித்தளத்தில் இத்தகைய தொழில் உறவுகள் இருந்தன என்பதனை மறத்தல் கூடாது.

4. பாடல்களும் மொழியும்

தொகுதியின் பெயரிலேயே ஒரு வரலாறு உறைந்துள்ளது. குழுவின் கொரியப் பெயர் 'சொன்யோ சிதே'. யப்பானியப் பெயர் 'ஷோஜோ ஜிதாய்'. 'சிறுபெண்களின் காலம்' எனப் பொருள்படும் இவ்விரண்டும் ஒரே நான்கு சீன எழுத்துகளின் இருவேறு ஒலிப்புகள். ஐரோப்பியக் கருத்துகளை மொழிபெயர்க்க மெய்ஜி கால யப்பான் சீன எழுத்துகளாற் புனைந்த சொற்கள் பல கொரிய மொழியிலும் புகுந்து நிலைத்துள்ளன. பொது எழுத்து மரபும் ஆதிக்கத்தின் தடமும் பிரிக்கமுடியாதபடி கலந்த இச்சொற்களஞ்சியம் வணிகனுக்குப் பெரும் வசதியாயிற்று. பெயரை மாற்றவேண்டியிருக்கவில்லை, வேறுவிதமாக வாசித்தாற் போதும்.

பன்னிரண்டு பாடல்களுள் 'ஜீனி', 'ஜீ', 'ரன் டெவில் ரன்', 'ஹூட்' ஆகிய நான்கும் முன்னர் கொரிய மொழியில் வந்தவை. இவற்றின் இரு வடிவங்களையும் ஒப்பிட்டுக் கேட்பின் மொழிமாற்றத்தின் விளைவுகள் தெளிவாகும். கொரிய அசை ஏழு மெய்யொலிகளுள் ஒன்றில் முடியலாம். க், ப், ட் போன்ற அடைப்பொலிகளில் முடியும் அசைகள் தாளத்தைக் கொட்டு வாத்தியம் போல் வெட்டிக் காட்டும். யப்பானிய அசையோ மூக்கொலியையும் அடுத்துவரும் மெய்யின் இரட்டிப்பையும் தவிர, உயிரிலேயே முடிவது. எனவே ஒரே மெட்டிற் கொரியப் பாட்டு நறுக்கென ஒலிக்குமிடத்தில் யப்பானியப் பாட்டு வழுக்கிச் செல்கின்றது. அத்தோடு, ஒரே கருத்தைச் சொல்ல யப்பானியத்திற்குக் கூடுதலான அசைகள் தேவைப்படுதலால், ஓரடியிற் சொல்லக்கூடிய செய்தி குறைகின்றது. 'ஜீ'யும் 'ஜீனி'யும் யப்பானிய வடிவிற் கதைத்தன்மை குன்றி உணர்ச்சிக் குறிப்புகளாகச் சுருங்குவதற்கு இதுவே முதன்மையான காரணம் என நாம் கருதுகின்றோம். மொழிபெயர்த்தோரின் திறமைக் குறைவு அதற்குக் காரணமன்று.

குறைந்த இடத்தை நிரப்புவது ஆங்கிலம். கொரிய வடிவில் 'ஜீனி'க்கு, விருப்பத்தைச் சொல் எனப் பொருள்படும் கொரியத் தலைப்பு ஒன்றும் இருந்தது. யப்பானில் அது கைவிடப்பட்டு ஆங்கிலத் தலைப்பு மாத்திரம் எஞ்சியது. தொகுதியின் முக்கிய பாடல்களிற் காதில் நிலைக்கும் மீள்வரிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களால் அமைந்தவை. கொரியமும் யப்பானியமும் மாறி மாறி வந்து போக, மாறாது நிற்பது ஆங்கிலமே. இரண்டு அயல்நாடுகளின் கதையாகத் தோன்றும் இதன் நடுவே மூன்றாவதொரு வல்லரசின் மொழி பாலமாக நிற்கின்றது. அமெரிக்கப் படைத்தளத்திற் பாடிய கிம் சிஸ்டர்ஸ் காலத்தின் தொடர்ச்சி இதுவாகும்.

யப்பானியச் சந்தைக்கெனப் புதிதாக ஆக்கப்பட்ட பாடல்களுள் சிறந்தது 'மிஸ்டர் டாக்ஸி'. பெருநகர்களின் பெயர்களை அடுக்கி, எவராலும் பிடிக்கமுடியாத வேகத்திற் செல்லும் பெண்ணொருத்தியை அது காட்டுகின்றது. இயந்திரத் தாளமும் ஒன்பது குரல்கள் மாறி மாறி ஏறும் கட்டுக்கோப்பும் ஒருங்கிணைந்து, தொகுதியில் வேறெங்குமில்லாத உறுதியை இப்பாட்டிற்குத் தருகின்றன. அதன் உலகத்தில் மண் இல்லை. விமான நிலையங்களும் வீதி விளக்குகளும் மாத்திரமே உண்டு. எந்நாட்டினதும் அல்லாத இடத்திலிருந்து பாடுவதனால், எந்நாட்டு வரலாற்றிற்கும் அது விடைசொல்ல வேண்டியதில்லை. இப்பாடல் பின்னர் 2011இலேயே கொரிய மொழியில் மாற்றப்பட்டுக் கொரியாவில் வெளியாயிற்று. ஏற்றுமதிக்கெனச் செய்த பொருள் உள்நாட்டிற்குத் திரும்பியது.

உச்சரிப்புப் பற்றி இங்கு கூறுதல் வேண்டும். ஸகரத்தின் ஒலிப்புடைய வடிவமும் 'ட்சு' என்ற ஒலியும் கொரிய மொழியில் இல்லை. பயின்ற குரல்களாயினும் இப்பாடல்களின் சிற்சில இடங்களில் அவ்வொலிகள் மென்மையாகப் பிறழ்ந்து கேட்கின்றன. யப்பானிய இரசிகர் இப்பிறழ்ச்சியை இனிமையாகவே கேட்டனர். அது கவர்ச்சியின் ஓர் அம்சமாயிற்று. 1923இன் தெருக்களில் உயிரைப் பறித்த அதே வகை ஒலிவேற்றுமை, தொண்ணூறு ஆண்டுகள் நிறைவதற்கு முன்னர் விலைபெறும் அழகாயிற்று. இதனை முன்னேற்றம் அன்று எனக் கூறுவது வறட்டுத்தனமாகும். அயலவனின் நாவினைக் கேட்டு அச்சமோ வெறுப்போ கொள்ளாது மகிழும் செவி உருவாதல் சிறு செயலன்று. ஆயினும் அச்செவிக்கு முன்னைய வரலாறு சொல்லப்பட்டதா என்பதே வினா.

5. பெண் உருவம்

'ஜீனி'யில் ஒன்பது பெண்கள் கடற்படைச் சீருடையை ஒத்த உடையணிந்து, கால்களை முதன்மைப்படுத்தும் அசைவுகளுடன், கேட்போனின் விருப்பங்களை நிறைவேற்ற முன்வருகின்றனர். ஆண்நோக்கிற்குப் பெண்ணுடல் பண்டமாக வைக்கப்படுவதற்கு இதனினும் வெளிப்படையான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆனால் அதனை அடுத்து ஒரு பாடல் விட்டு வரும் 'ரன் டெவில் ரன்', நம்பிக்கைத் துரோகம் செய்த ஆடவனைத் துரத்தும் பெண்ணின் பாட்டு. இறுதியில் நிற்பது 'போர்ன் டு பி எ லேடி' என்ற மெல்லிசைப் பாட்டு. பணிதல், மறுத்தல், முதிர்தல் ஆகிய மூன்று உருவங்களும் ஒரே தொகுதியில் ஒன்றையொன்று மறுக்காது அடுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எது உண்மையென்று தொகுதி தீர்மானிப்பதில்லை; வாங்குவோர் தமக்கு வேண்டியதைத் தெரிந்தெடுக்கலாம்.

இங்கே எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஆடவரின் இரசனைக்கென அமைந்த குழுவின் யப்பானிய இரசிகருட் பெருந்தொகையினர் இளம்பெண்கள். 2005இல் தொடங்கிய ஏ.கே.பி. 48 போன்ற யப்பானியக் குழுக்கள், பழக்கமற்ற சிறுமி இரசிகரின் ஆதரவால் வளர்ந்து வருதல் என்ற பாவனையை விற்றன. கொரியக் குழுவோ தேர்ச்சியை விற்றது. ஒன்பது உடல்கள் பிழையின்றி ஒன்றாக அசைவதிற் பெண்கள் கண்டது திறமையும் தன்னுறுதியுமாகும். பண்டத்தை ஆக்கியோர் கருதிய பொருளும் நுகர்ந்தோர் கண்ட பொருளும் வேறாயின. பண்பாட்டுக் கைத்தொழில் கேட்போரை முற்றாக ஆட்டிப்படைக்கின்றது என்ற கோட்பாட்டின் போதாமையை இது காட்டுகின்றது. ஆயினும் அத்தேர்ச்சிக்காகக் குழந்தைப்பருவத்தை விலையாகக் கொடுத்தோர் வேறு பெண்களே என்பதும் இதே உண்மையின் மறுபக்கம்.

6. மௌனமும் அதன் விளைவும்

2010 ஓகஸ்ட் 25ஆம் திகதி டோக்கியோவின் அரியாகே அரங்கில் இக்குழு முதன்முறையாகத் தனிநிகழ்ச்சி நடத்தியது. மூன்று காட்சிகளுக்கும் ஏறத்தாழ 22 ஆயிரம் பேர் திரண்டனர். இணைப்பு ஒப்பந்தம் கைச்சாத்தாகி அம்மாதம் 22ஆம் திகதியுடன் நூறு ஆண்டுகள் நிறைந்திருந்தன. அது அறிவிக்கப்பட்ட நாளின் நூற்றாண்டு 29ஆம் திகதி வரவிருந்தது. யப்பானியப் பிரதமர் நவோட்டோ கான் அம்மாதம் 10ஆம் திகதி கொலனி ஆட்சிக்காக வருத்தமும் மன்னிப்பும் தெரிவித்திருந்தார். நூற்றாண்டின் அதே வாரத்தில் நடந்த அரங்கேற்றம், அந்நூற்றாண்டின் சுவடு எதுவுமின்றி முடிவுற்றது.

நிறுவனம் வரலாற்றினை அறியாததன்று. 2009 யூனிற் கொரியாவில் 'ஜீனி' தொகுதியின் உறையிலிருந்த விமானப் படம் யப்பானியரின் ஸீரோ போர்விமானத்தை ஒத்திருக்கின்றதெனக் கண்டனம் எழுந்தபோது, உறை மாற்றப்பட்டு வெளியீடும் சில நாட்கள் பிற்போடப்பட்டது. நினைவு விற்பனைக்கு இடையூறாகும் இடத்தில் அதனை அகற்றுவது எவ்வாறு என்பது நிறுவனத்திற்குத் தெரிந்திருந்தது. யப்பானியத் தொகுதியின் பன்னிரண்டு பாடல்களும் காதலையும் வேகத்தையும் மாத்திரமே பேசுவது இந்த அறிவின் பயனாகும். இருபது வயதுப் பெண்களிடம் அரசியற் பாட்டினை எதிர்பார்த்தல் நியாயமன்று. நாம் சுட்டுவது பாடியவர்களின் குறையை அன்று. நுழைவுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனையை. மொழி கடலைக் கடக்கலாம், நினைவு கடக்கலாகாது என்பதே அந்நிபந்தனை.

மௌனத்தின்மீது கட்டிய உறவு எத்துணை வலுவுடையது என்பதனை அடுத்த ஆண்டுகள் காட்டின. 2011 ஓகஸ்டிற் கொரிய நிகழ்ச்சிகளை மிகுதியாக ஒளிபரப்புகின்றதெனக் கூறி யப்பானியத் தொலைக்காட்சி நிலையமொன்றின் முன்னால் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. அவ்வாண்டிறுதியில் என்.எச்.கே.யின் புகழ்பெற்ற ஆண்டிறுதிப் பாட்டு நிகழ்ச்சியிற் கேர்ள்ஸ் ஜெனரேஷன் உட்பட மூன்று கொரியக் குழுக்கள் பாடின. 2012 ஓகஸ்டிற் கொரிய ஜனாதிபதி இரு நாடுகளும் உரிமைகோரும் தீவிற்குச் சென்றதை அடுத்து உறவுகள் சீர்குலைந்தன. அவ்வாண்டு நிகழ்ச்சியில் ஒரு கொரியக் குழுவேனும் இடம்பெறவில்லை. 2013இல் டோக்கியோவின் கொரியப் பகுதியான ஷின்-ஒக்குபோவின் தெருக்களிற் கொரியரைக் கொல்லுமாறு கூவிய ஊர்வலங்கள் சென்றன. 2018 நவம்பரிற் பி.டி.எஸ். குழுவின் உறுப்பினர் ஒருவர் முன்னர் அணிந்திருந்த, அணுகுண்டுப் புகைமூட்டத்தின் படம் பொறித்த சட்டையைக் காரணங்காட்டி அக்குழுவின் யப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி இறுதிவேளையில் இரத்தாயிற்று. புறந்தள்ளப்பட்ட நினைவு ஒவ்வொரு முறையும் மிக அவலட்சணமான வடிவிலேயே திரும்பி வந்தது.

ஆயினும் வேறொரு பக்கமும் உண்டு. ஷின்-ஒக்குபோவில் வெறுப்பு ஊர்வலங்களை எதிர்த்துத் தெருவில் நின்ற யப்பானியருட் கொரிய இசையின் இரசிகரும் இருந்தனர். அந்த எதிர்ப்பின் பயனாகவே 2016இல் வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டம், தண்டனை விதி இல்லாத குறைபாட்டோடேனும், இயற்றப்பட்டது. தமக்கென யப்பானியத்திற் பாடப்பட்டதோடு நிறைவடையாது, பாடியவர்களின் மொழியைத் தாம் கற்கத் தொடங்கிய யப்பானிய இளைஞர் பலர். கொரிய மொழி அந்நாட்டின் பல்கலைக்கழக அனுமதிப் பொதுப்பரீட்சையில் 2002 முதல் ஒரு பாடமாக உள்ளது. அகராதி தொகுத்தோரைச் சிறையிலிட்ட அரசின் பேரப்பிள்ளைகள் அம்மொழியின் அகராதியைத் தாமாகவே விரிக்கின்றனர். வணிகர் திட்டமிட்ட திசைக்கு எதிர்த்திசையில் நடந்த பயணம் இது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றை நோக்குமிடத்து, 2011இன் இத்தொகுதியை வெற்றி எனவோ சரணடைவு எனவோ கொள்வது பொருந்தாது. கலைப்படைப்பு என்ற வகையில் அது சமனற்றது. 'மிஸ்டர் டாக்ஸி' தன் காலத்து நகர வாழ்வின் வேகத்தைச் செறிவாகப் பிடித்த பாட்டு. 'ஜீ' யப்பானிய வடிவிலும் தன் துள்ளலை முற்றாக இழக்கவில்லை. எஞ்சியவற்றுட் பல தேர்ச்சியுடன் செய்யப்பட்டு விரைவில் மறக்கப்படுவன. சமூக ஆவணம் என்ற வகையில் அதன் முக்கியத்துவம் பெரிது. ஆளும் மொழியாக இருந்த ஒன்று விற்பனைப் பொருளின் உறையாக மாறிய கட்டத்தினை அது பதிவுசெய்துள்ளது. கட்டளையிடும் மொழியிலும் விற்கும் மொழி மேலானதே. ஆனால் அதனைப் பகிரும் மொழி என்று மயங்குதல் ஆகாது. பகிர்தலுக்கு இருதரப்பும் தத்தம் நினைவோடு வருதல் வேண்டும்.

அந்நினைவினை நிறுவனங்கள் கொண்டுவரமாட்டா. அது அவற்றின் இலாபத்திற்கு ஒவ்வாதது. ஆனால் ஒரு பாட்டினை விரும்பியதால் அயலவரின் மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவி, ஒருநாள் அம்மொழியில் 1923ஐப் பற்றியும் 1942ஐப் பற்றியும் வாசிக்க நேரும். அவ்வாசிப்பினைத் தடுக்கும் ஆற்றல் எந்த ஒப்பந்தத்திற்கும் இல்லை. வெகுசனப் பண்பாட்டினை ஆராய்வோர் அதன் ஆக்கத்திலுள்ள சுரண்டலை வெளிப்படுத்துவதோடு, அதனூடாகத் திறக்கும் இத்தகைய வாயில்களையும் கண்டுகொள்ளவேண்டும் என்பதே எமது முடிபாகும்.